அகதா அக்காவின் விலாசம்

ஈப்போவின் புந்தோங் பகுதியில் அகதா அக்காவின் பலகை வீட்டில் இரண்டே அறை. குடியிருந்தது அவர் ஒருத்தர்தான். ஆனால் அந்த வீட்டு விலாசத்துக்கு நாற்பத்து மூன்று பேருக்குக் கடிதம் வந்தது. நான் எண்ணியிருக்கிறேன். சுமந்தவன் எண்ணாமல் வேறு யார் எண்ணுவது?

நான் ஜெயபாலன். ஈப்போவில் இருபத்தாறு வருடம் தபால்காரன். முதலில் சைக்கிள், கடைசியில் மோட்டார் சைக்கிள். என்னைக் கோபக்காரன் என்று சொல்வார்கள். சொல்லட்டும். வாசலில் நம்பர் எழுதாதவனையும், நாயைக் கட்டிப் போடாதவனையும், மகன் கடிதம் எழுதாததற்கு என் மேல் எரிந்து விழுகிற அப்பனையும் இருபத்தாறு வருடம் பார்த்துவிட்டு ஒருவன் சாந்தமாக இருந்தால் அவனுக்கு உடம்பில் ஏதோ கோளாறு என்று அர்த்தம். எனக்குக் கோளாறு ஒன்றும் இல்லை.

எழுபத்து மூன்றில் என்னை அந்தப் பக்கத்துக்கு மாற்றினார்கள். முதல் வாரமே ஒரே வீட்டுக்கு ஏழு கடிதம். ஏழும் ஏழு பேருக்கு. பத்துமலை, அகதா வீடு. சூசைநாதன், அகதா வீடு. நல்லதம்பி, அகதா வீடு. உச்சி வெயில். வாசலில் நின்று கத்தினேன்.

“இது வீடா, சத்திரமா? இவங்க எல்லாம் எங்கதான் படுக்கிறாங்க?”

ஒல்லியாக, உயரமாக, கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு பெண் வெளியே வந்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். என் கையிலிருந்த கடிதங்களை வாங்கி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

“யாரும் இங்க படுக்கலைலா தம்பி. கடுதாசி மட்டும்தான் இங்க தங்கும். தண்ணி குடிச்சிட்டுப் போங்க, வெயிலு மண்டையப் பொளக்குது.”

அன்றைக்குக் குடிக்கவில்லை. கோபம் இருந்தது. மறு வாரம் குடித்தேன்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. அக்கா ரப்பர் தோட்டத்தில் பிறந்து, பால்மரம் வெட்டி வளர்ந்தவர். வெள்ளைக்காரன் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டுப் போன பிறகு சனங்கள் சிதறிப் போனார்கள். கணவர் ஸ்டானிஸ்லாஸ் லாரி ஓட்ட ஈப்போவுக்கு வந்தார். ஒரு நாள் தாப்பா மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை செய்தார். விடிகாலையில் போய், பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவார்.

அவருடைய தம்பி ஆம்புரோஸ் காசநோய்க்காரன். ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லி வந்த கடிதம், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மேசை மேல் இரண்டு மாதம் கிடந்தது. தோட்டத்துக்கு வரும் தபால் எல்லாம் ஒரே பையில் ஆபீசுக்குப் போகும், கிராணிக்கு மனசு வந்தால் ஆள் கைக்கு வரும். ஆம்புரோஸை அடக்கம் செய்த பிறகுதான் அந்தக் கடிதம் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அக்கா தெரிந்தவர்களிடம், தெரியாதவர்களிடம், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூட சொல்ல ஆரம்பித்தார்: “என் வீட்டு விலாசத்தப் போட்டுக்குங்க. வந்தா நான் கொண்டாந்து சேக்கிறேன்.”

போட்டுக்கொண்டார்கள். குத்தகை வேலைக்காரர்கள் இந்த மாதம் ஆயர் தாவாரில் செம்பனைக் குலை வெட்டுவார்கள், அடுத்த மாதம் பாகான் டத்தோவில் தேங்காய் உரிப்பார்கள். அவர்களுக்கு ஏது விலாசம்? கடிதம் வந்தால் அக்கா சொல்லி அனுப்புவார். சொல்லி அனுப்ப ஆள் கிடைக்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு பஸ் ஏறிவிடுவார். அந்தக் கடிதத்துக்கு உரியவன் யாரோ, எவரோ. ஒரு தடவைகூட முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டார்.

“உங்களுக்கு வேற வேலை இல்லையாக்கா?” என்று கேட்டிருக்கிறேன்.

“வேலை இருக்கு. இதுவும் இருக்கு” என்பார்.

பக்கத்து வீட்டில் புனிதவதி டீச்சர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவர். வாசலில் ரோஜாத் தொட்டி வைத்திருந்தார். அக்கா வீட்டுக்கு வருகிற தோட்டத்துச் சனம் அந்தத் தொட்டியோரம் செருப்பைக் கழற்றிப் போட்டால் டீச்சருக்கு முகம் சுருங்கிவிடும். “உந்தச் சனத்துக்கு ஒரு ஒழுங்கு இல்லை” என்று எனக்குக் கேட்கும்படி சொல்வார். எனக்கு அவரைப் பிடிக்காது. நானும் தோட்டத்துச் சனம்தானே?

எழுபத்தைந்தில் ஒரு நாள் எனக்கும் அக்காவுக்கும் பெரிய சண்டை. வீடு பூட்டியிருந்தது. நான் கடிதத்தை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டேன். மத்தியானம் நம் ஈப்போ மழை சும்மா இருக்குமா? பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து கடிதம் கூழாகிவிட்டது. அது நவமணி என்கிற தோட்டத்துப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரித் தாதிப் பயிற்சி நேர்முகத்துக்கு வந்த அழைப்பு. அக்கா அதை இஸ்திரிப் பெட்டியால் காய வைத்து, தேதியைத் தடவிப் பார்த்துக் கண்டுபிடித்து, அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து அனுப்பிவைத்தார். அவள் தாதியாகிவிட்டாள், அது வேறு விஷயம். மறுநாள் நான் அந்தப் பக்கம் போனபோது அக்கா வாசலில் நின்றார்.

“ஒரு புள்ளையோட வாழ்க்கைய மழையில நனைய வச்சிட்டுப் போறீங்களே, நீங்கெல்லாம் மனுசனா?”

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

“இனிமே பெட்டில போட மாட்டேங்கா. உங்க கையிலதான் குடுப்பேன். முருகன் மேல சத்தியம்.”

அந்தச் சத்தியத்தை நான் ஒரு நாளும் மீறவில்லை. மீறியிருந்தால் இந்தக் கதையை எழுத வேண்டியிருந்திருக்காது.

இனி சின்னையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னையா இரண்டு வயதில் அம்மாவின் இடுப்பில் கப்பலேறி வந்தவன். சேலம் பக்கம் ஏதோ ஊர். பெயர் மட்டும் தெரியும், ஊரின் முகம் தெரியாது. இங்கேயே வளர்ந்து, இங்கேயே மரம் வெட்டி, நல்லம்மாள் என்கிற இங்கே பிறந்த பெண்ணைக் கட்டி, மூன்று பெண் குழந்தைகளுக்கு அப்பனானான். நல்லம்மாளுக்கும் குழந்தைகளுக்கும் நீல ஐ.சி. அடையாள அட்டை, குடியுரிமை உள்ளவர்கள். சின்னையாவுக்குச் சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவன். சிவப்பு என்றால் வேலை செய்யவே பெர்மிட் வேண்டும். பெர்மிட் முடிந்தால் ஒவ்வொரு தடவையும் வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நிற்க வேண்டும். ஒரு தடவை இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. பெண்டாட்டி பிள்ளை இங்கே, அவன் கப்பலில்.

எழுபத்தாறில் குடியுரிமைக்கு மனுப் போட்டான். விலாசம் என்ற இடத்தில் அக்கா வீட்டைத்தான் போட்டான். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பாகான் டத்தோவிலிருந்து வந்து நிற்பான், தோளில் ஒரு சாக்குத் தேங்காயோடு. அக்கா ஒருத்தி எத்தனை தேங்காய்தான் தின்பார்? பாதி என் சைக்கிளில் ஏறும்.

“அண்ணே, ஏதும் வந்துச்சா?”

“வந்தா நானே தின்னுடுவேனா? வரலலா.”

“சரிண்ணே, கோவிச்சுக்காதீங்க.” சிரிப்பான். கோபப்படத் தெரியாத மனிதன். என்னைப் போன்றவனுக்கு அப்படிப்பட்டவனைப் பார்த்தாலே எரிச்சல் வரும், கூடவே பாசமும் வரும்.

நேர்முகத்தில் மலாயில் கேள்வி கேட்பார்கள். சின்னையாவுக்குச் சந்தையில் மீன் வாங்கும் மலாய் நன்றாகவே வரும். அதிகாரி என்றால் வாய் கட்டிவிடும். அதனால் அக்கா வீட்டில் ஒத்திகை நடக்கும். அக்கா தன் கணவரின் பழைய சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு நாற்காலியில் அதிகாரியாக உட்காருவார். அக்காவுக்கே மலாய் அரைகுறை. நான் சைக்கிளை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகக் கேள்வியை எடுத்துக் கொடுப்பேன்.

“சியாப்பா நாமா?” பெயர் என்ன என்று அக்கா அதட்டுவார்.

“நாமா சாயா சின்னையா, துவான்.” என் பெயர் சின்னையா, ஐயா.

“திங்கல் டி மானா?” எங்கே குடியிருக்கிறாய்?

இதற்கு மட்டும் அவன் முகம் மலர்ந்துவிடும். நிமிர்ந்து நின்று அக்கா வீட்டு நம்பர், ரோட்டுப் பெயர், புந்தோங், ஈப்போ, பேராக் என்று மலாயில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பான். அந்த வீட்டில் அவன் ஓர் இரவுகூடத் தங்கியதில்லை. ஆனால் வாழ்நாளில் அவனுக்கு இருந்த ஒரே விலாசம் அதுதான்.

“பாஸ் ஆயிட்டான்லா!” என்று அக்கா கைதட்டுவார். அதிகாரி கைதட்ட மாட்டார் என்று நான் சொல்வேன். மூன்று பேரும் சிரிப்போம். பக்கத்து வாசலில் டீச்சர் ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு காது கொடுத்துக்கொண்டிருப்பார்.

எழுபத்தொன்பது ஆகஸ்டு தொடக்கத்தில் அகதா அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அந்த விலாசத்துக்கு வந்த கடிதங்களை நான் எங்கள் ஆபீசிலேயே ஒதுக்கி வைத்தேன். அடுத்த திங்கட்கிழமை, ஆறாம் தேதி, அரசாங்கத்தின் பழுப்பு உறை ஒன்று வந்தது. சின்னையா, அகதா வீடு.

மூன்று வருடமாகக் காத்திருந்த கடிதம். உறையைத் திறந்து பார்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சீ என்று என்னையே திட்டிக்கொண்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவன் கடிதத்தைத் திறந்தவன் இல்லை நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இப்போது தெரியவில்லை.

பூட்டிய வீட்டு வாசலில் நான் நிற்பதை டீச்சர் பார்த்துவிட்டார்.

“தம்பி, அவ ஆஸ்பத்திரியில எல்லோ. கடிதம் இருந்தா என்னட்டத் தாங்கோ. நான் குடுத்து விடுறன்.”

யாரிடம் கொடுப்பது? தோட்டத்துச் சனத்தின் செருப்பைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவரிடமா? அவர் அதை ரோஜாத் தொட்டிக்கு உரமாகப் போட்டாலும் கேட்பார் இல்லை. அதோடு முருகன் மேல் சத்தியம் வேறு.

“இல்ல டீச்சர். அக்கா கையிலதான் குடுக்கணும்.”

“உங்கட விருப்பம்” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

இந்தப் பழுப்பு உறையை மட்டும் ஆபீசில் ஒதுக்கி வைக்க எனக்கு மனசு வரவில்லை. யாராவது ஆளில்லை என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிட்டால்? வீட்டுக்கு எடுத்துப் போய் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். தபாலை வீட்டுக்கு எடுத்துப் போவது வேலை போகிற குற்றம். தெரிந்தேதான் செய்தேன். நல்லது செய்கிறோம் என்ற மிதப்பு.

பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முந்தின நாள்தான் ஆபரேஷன். அக்கா மயக்கத்தில் கிடந்தார். பார்க்க விடவில்லை. பத்தொன்பதாம் தேதி மறுபடியும் போனேன். கண் விழித்திருந்தார். முகம் பாதியாகியிருந்தது. படுக்கைப் பக்கத்து மேசையில் சூப் பிளாஸ்க் ஒன்று இருந்தது. கான்வென்ட் சிஸ்டர்கள் கொண்டு வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கடிதம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. கையைப் பைக்குள் விட்டேன். அப்போது அக்கா சிரமப்பட்டு ஒருக்களித்துப் படுத்து, “கடுதாசி ஏதாச்சும் வந்துச்சா தம்பி?” என்று கேட்டார்.

கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்தப் பெண் தையலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பாகான் டத்தோ பஸ் ஏறிவிடும். யார் சொன்னாலும் கேட்காது. அரசாங்கத்துக் காரியம் மூன்று வருடம் இழுத்ததே, இன்னும் ஒரு வாரத்தில் என்ன குடி முழுகிவிடும்? முதலில் உடம்பு தேறட்டும்.

“ஒண்ணும் வரலக்கா. நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க” என்றேன். கை பையிலிருந்து வெறுமையாக வெளியே வந்தது.

இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, தபால் சுற்றை முடித்துக்கொண்டு ஓடினேன். கித்தான் நாற்காலியில் சாய்ந்திருந்தார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். சத்தியம் நிறைவேறியது! பெயரைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

“சின்னையாவோடது! பிரிங்க தம்பி, பிரிங்க. கடுதாசி வந்தா பிரிச்சுப் படிக்கச் சொல்லியிருக்கான். எனக்கு மலாய்க் கடுதாசி புரியாது.”

நான்தான் பிரித்தேன். நான்தான் படித்தேன். குடியுரிமை மனு சம்பந்தமாக நேர்முகத்துக்கு வர வேண்டும். இரண்டு சாட்சிகள். மூல அட்டை. வரத் தவறினால் மனு கைவிடப்பட்டதாகக் கருதப்படும். தேதி, ஆகஸ்டு இருபத்து மூன்று, வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி.

அக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

“முந்தாநாளு” என்றார். பிறகு, “இது எப்ப வந்துச்சு தம்பி?”

“நேத்துதாங்கா” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. அக்கா உறையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பினார். மலாய் தெரியாதே தவிர அவருக்கு எண் தெரியும். எங்கள் ஆபீஸ் முத்திரையில் தேதி பளிச்சென்று இருந்தது. அதை ரொம்ப நேரம் பார்த்தார். கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, தையல் பிரிக்காத வயிற்றோடு அந்த அலுவலகத்துக்குப் போய் கவுண்டரில் நின்றிருக்கிறார். தன் ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டிக் கெஞ்சியிருக்கிறார். அவர்களும் மரியாதையாகத்தான் பேசினார்களாம். கோப்பு மூடியாகிவிட்டது, சின்னையாவே வந்து புதிதாக மனுப் போடட்டும் என்றார்களாம்.

சின்னையாவுக்குச் சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. அந்த ஒரு வாரம் நான் சோறு தின்னவில்லை என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், நம்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு கிளம்பினேன். அவன் காலில் விழுந்தாவது சொல்லிவிடுவது. வேலை போனால் போகட்டும். வழியெல்லாம் அந்த வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அதுவும் ஓர் ஒத்திகைதான்.

நான் போனபோது சின்னையா ஏற்கெனவே வந்துவிட்டான். தேங்காய்ச் சாக்கு கதவோரம் இருந்தது. அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். கடிதம் அவன் மடியில். நான் வாசற்படியில் கால் வைத்தேன். அக்கா என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்தார்.

“போஸ்மேன் தம்பி அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்து என் கையில குடுத்துட்டாரு சின்னையா. நான்தான் தலகாணிக்கு அடியில வச்சிட்டு மறந்து போயிட்டேன். மருந்து மயக்கம். என் தப்புதான்.”

ஐயோ, அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். இல்லை அக்கா, பொய் சொல்லாதீங்க என்று ஒரு வரி. வழியெல்லாம் சொல்லிப் பார்த்த ஒரு வரி. என் வேலை, என் பென்ஷன், என் இரண்டு பிள்ளைகள் எல்லாம் வரிசையாக வந்து என் தொண்டையில் உட்கார்ந்துகொண்டன. நான் வாசற்படியில் நின்றுகொண்டே இருந்தேன்.

சின்னையா கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டான். “பரவால்லக்கா. உங்களுக்கு உடம்பு தேவலையா?” என்று கேட்டான். குரலில் கோபம் இல்லை. ஆனால் அக்காவை நிமிர்ந்து பார்க்கவில்லை. போகும்போது என்னிடம் மட்டும், “நீங்க கரெக்டா கொண்டாந்து குடுத்தீங்கண்ணே, ரொம்ப நன்றி” என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவன் போன பிறகு கேட்டேன். “ஏங்கா அப்படிச் சொன்னீங்க?”

“உங்களுக்கு வேலை போயிரும்லா. எனக்கு என்ன போவுது? நான் பள்ளிக்கூடம் கூட்டுறவ.”

என்ன போயிற்று என்பது அடுத்த வருடமே தெரிந்தது. தோட்டத்துச் சனத்தின் வாயில் சேதி எவ்வளவு வேகமாகப் போகும் என்று எனக்குத் தெரியும். ஆயர் தாவாரிலும் தாப்பாவிலும் பாகான் டத்தோவிலும் இதே பேச்சு. அகதா அக்காவுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் ஞாபகம் சரியில்லையாம். சின்னையா கடுதாசியத் தொலைச்சு அவன் குடியக் கெடுத்துட்டாங்களாம். சின்னையா அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். ஆனால் கேட்டவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஒவ்வொருவராக விலாசத்தை மாற்றிக்கொண்டார்கள். நாற்பத்து மூன்று இருபதாகி, ஐந்தாகி, ஒன்றுமில்லாமல் போயிற்று. பத்து வருடம் பஸ் ஏறி ஏறிக் கொண்டு சேர்த்த அத்தனை கடிதமும் ஒரு கடிதத்தில் அழிந்து போயிற்று.

சின்னையா புதிதாக மனுப் போட்டான். அதற்கு விலாசம் வேறு யாரோ ஒரு கடைக்காரருடையது. பதில் வருவதற்குள் எண்பத்தொன்றில் அவன் பெர்மிட்டைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். பினாங்கில் கப்பலேறினான். நல்லம்மாளும் மூன்று பெண்களும் கரையில் நின்றார்களாம். வழியனுப்ப அக்காவும் போயிருந்தார். நான் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். நான் லீவு கேட்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் ஒரு நாள் என்னை நிறுத்தினார். “அகதா இப்ப சரியாச் சாப்பிடுறா இல்லை தம்பி. ஆஸ்பத்திரியில இருக்கேக்க நான் பின்னேரம் பின்னேரம் சூப் கொண்டு போவன். அதெண்டாலும் குடிச்சா.”

“நீங்களா கொண்டு போனீங்க? தினமுமா?”

“வேற ஆர் இருக்கினம் அவளுக்கு? கண் முழிச்ச நாள் தொடக்கம் கடிதம் வந்ததோ எண்டுதான் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தவ.”

ஆறாம் தேதி டீச்சர் கையில் கொடுத்திருந்தால், அக்கா கண் விழித்த அன்றே அது அவர் கைக்குப் போயிருக்கும். மலாய் படிக்கத் தெரிந்த டீச்சரே தேதியைப் பார்த்து ஆள் அனுப்பியிருப்பார். சனத்தின் செருப்பைத் திட்டிக்கொண்டே அனுப்பியிருப்பார். மனிதர்களை எடை போடத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மண்ணாங்கட்டி தெரியும்.

எண்பத்து மூன்றில் அக்காவுக்குக் கண்ணில் திரை விழுந்துவிட்டது. வேலையிலிருந்தும் நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் தினமும் நான் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பார். என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கையை நீட்டுவார். நான் வண்டியை மெதுவாக்கி, “இன்னிக்கு ஒண்ணும் இல்லக்கா” என்பேன். “சரிலா தம்பி” என்று கையை இழுத்துக்கொள்வார். வேறு ரோட்டு வழியாகப் போகப் பார்த்தேன். போனால் அவர் இன்னும் அதிக நேரம் நின்றார் என்று டீச்சர் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் ஒரு கடிதம் வந்தது. நீல நிற இந்திய ஏரோகிராம். நல்லம்மாள், அகதா வீடு. சின்னையா எழுதியது. ஊரில் யாரோ பள்ளிக்கூடப் பிள்ளை எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், எழுத்து குண்டு குண்டாக இருந்தது. நல்லம்மாளும் வேலை தேடி இடம் மாறிக்கொண்டே இருந்ததால் அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே விலாசத்துக்கு எழுதியிருந்தான். அனுப்பியவன் விலாசம் ஒரு டீக்கடை.

அக்கா கையில் வைத்தேன். அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். யார் என்று சொன்னதும் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. மேலே நாலைந்து வரி அக்காவுக்கு, மிச்சம் நல்லம்மாளுக்கு. மேலே உள்ளதை மட்டும் படிக்கச் சொன்னார்.

“அன்புள்ள அகதா அக்காவுக்கு, நான் சுகம். இங்கே என்னைச் சிலோன்காரன், மலாய்க்காரன் என்று கூப்பிடுகிறார்கள். வேலை கிடைத்தபாடில்லை.” படித்துவிட்டு நிறுத்தினேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதாங்கா.”

“இல்லையே. உங்க மூச்சு ஒரு மாதிரி நிக்குதே. இருக்கிறதப் படிங்க தம்பி.”

படித்தேன். “அக்கா, இந்தக் கடிதத்தையாவது மறந்துவிடாமல் நல்லம்மாள் கையில் சேர்த்துவிடுங்கள்.”

அக்கா தலையை ஆட்டினார். கண்ணீர் வந்தது, அதைத் துடைக்கவில்லை. “சேத்துறலாம், சேத்துறலாம்” என்று அவனே எதிரில் நிற்கிற மாதிரி சொன்னார். பிறகு ஏரோகிராமை முந்தானையில் முடிந்துகொண்டு, பாகான் டத்தோவுக்குக் காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். கண் தெரியாமல் எப்படிப் போவீர்கள் என்றேன். டீச்சர் கூட வருவார் என்றார். இரண்டு பேரும் போய், மூன்று தோட்டம் விசாரித்து, நல்லம்மாள் கையில் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதுதான் அந்த விலாசத்துக்கு வந்த கடைசிக் கடிதம்.

போன மாதம் அக்கா இறந்துபோனார். கோயிலில் பதினோரு பேர் இருந்தோம், பாதிரியாரையும் சேர்த்து. நவமணி வந்திருந்தாள், தாதி உடுப்போடு. மற்ற நாற்பத்திரண்டு பேரில் ஒருவரும் இல்லை. அவர்களுக்குச் சொல்லி அனுப்ப யாரிடமும் விலாசம் இல்லை.

நானும் இந்த வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். பென்ஷன் ஒழுங்காக வருகிறது. சின்னையாவின் டீக்கடை விலாசத்தை அன்றைக்கே என் கைப்புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டேன், இன்னும் இருக்கிறது. இருபத்தாறு வருடம் ஊரார் கடிதத்தை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். அக்கா மறக்கவில்லை, நான்தான் என்று அந்த விலாசத்துக்கு ஒரு வரி எழுத ஐந்து வருடமாக என்னால் முடியவில்லை.